தரையில் வரைந்த ஊர்ப்படம் யாருக்குச் சொந்தம்?

நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் ஆண்டுதோறும் ஒரு படம் வரும். ஊர்ப் பொதுவிடத்தில் கலர் கோலப்பொடியால் வரைந்த பெரிய வரைபடம், சுற்றிலும் ஊர்க்காரர்கள், நடுவில் வேளாண் கல்லூரி மாணவிகள். ‘ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தின் கீழ் தங்கியுள்ள மாணவிகள் பங்கேற்பு மதிப்பீடு செய்தனர்’ என்று கீழே இரண்டு வரி இருக்கும். இன்னொரு நாள், ஒரு பொறியியல் கல்லூரி ஐந்து கிராமங்களைத் தத்தெடுத்ததாகச் செய்தி வரும்.

இந்த மாணவர்கள் கற்றுக்கொள்ள வருகிறார்களா, கற்றுக்கொடுக்க வருகிறார்களா? அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகு ஊரில் என்ன மிஞ்சுகிறது? ‘பல்கலைக்கழகமும் மக்களும் சேர்ந்து வட்டாரத்தை நீடித்த வளர்ச்சிக்கு மாற்றுவது’ என்று அதிகாரிகள் பேசுவதற்கும் இந்தப் படத்துக்கும் என்ன தொடர்பு? இவற்றை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

எந்தத் திட்டம் எது?

கல்லூரி மாணவர்களைக் கிராமத்துக்கு அனுப்பும் வழிகள் பல. குழப்பம் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் வருகிறது.

1. நாட்டு நலப்பணித் திட்டம். காந்தி நூற்றாண்டான 1969இல் தொடங்கியது. ஏழு நாள் சிறப்பு முகாம் இதன் அடையாளம். நோக்கம் சேவை.

2. ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டம். இளநிலை வேளாண்மை படிப்பவர்கள் இறுதியாண்டில் கிராமப் பகுதியில் தங்கி, விவசாயிகளோடும் வட்டார வேளாண் அலுவலகத்தோடும் பழகுவது. இது பாடத்திட்டத்தின் பகுதி, மதிப்பெண் உண்டு. நோக்கம் பயிற்சி.

3. உன்னத் பாரத் அபியான். மத்திய அரசு 2014இல் தொடங்கி, 2018இல் விரிவாக்கியது. ஒருங்கிணைப்பது டெல்லி ஐஐடி. சேரும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் குறைந்தது 5 கிராமங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். ‘தத்தெடுப்பு’ என்ற சொல் செய்திகளில் வருவது இதனால்தான்.

சேவை, பயிற்சி இரண்டுமே நல்லவை. அவற்றைக் குறைத்துச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஒரு வட்டாரம் தன் மண்ணையும் நீரையும் தொழிலையும் கெடாமல் வைத்துக்கொள்ளும் வழியைத் தேடுவது வேறு வேலை. அதற்கு மாணவர்கள் உதவ வேண்டுமானால் அவர்கள் வரும் விதமே மாற வேண்டும்.

செயல்விளக்கத்தால் தீராத பிரச்சினை

ஏன் வேறு என்பதைத் தென்னந்தோப்பில் நின்று பார்த்தால் புரியும்.

2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் சுருள் வெள்ளை ஈ தென்பட்டது. ஓலையின் அடிப்பக்கம் வெள்ளை மெழுகுப் பொடியோடு சுருள் சுருளாக முட்டை. ஈ சாற்றை உறிஞ்சிவிட்டுப் பிசுபிசுப்பான கழிவைச் சொட்டும். அந்தப் பிசுக்கின் மேல் கரும்பூசணம் படர்ந்து கீழ் ஓலையெல்லாம் புகை பிடித்ததுபோல ஆகிவிடும். இதற்கு மாணவர்கள் காட்டும் செயல்விளக்கம் எளிது: மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரங்களுக்கு இடையில் கட்டுவது. மஞ்சளுக்கு ஈர்க்கப்படும் ஈ ஒட்டிக்கொள்ளும். கூடவே, என்கார்சியா என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவி தோப்பில் பெருக வழிசெய்யச் சொல்வார்கள். அது வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதை அழித்துவிடும்.

சரி, ஒரு தோப்புக்காரர் இதையெல்லாம் செய்கிறார். பக்கத்துத் தோப்புக்காரர் பயந்துபோய்க் கடுமையான பூச்சிமருந்தை அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மருந்தில் குளவியும் சாகும். எங்கோ தப்பிய ஈ மறுபடி பெருகி வேலி தாண்டி வரும். முதல் தோப்பில் செய்த வேலை வீண். இன்னொருவர் சென்னையில் இருக்கிறார், தோப்பு குத்தகையில் இருக்கிறது. ஒரு வருடக் குத்தகைக்காரர் அடுத்த வருடத்துக்காகச் செலவு செய்யத் தயங்குவார்.

பூச்சியைப் பற்றிய அறிவு இங்கே குறைவில்லை. தோப்புக்காரர், குத்தகைக்காரர், மருந்துக்கடைக்காரர், வேளாண் அலுவலர் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒத்துப்போவதுதான் குறை. அதைச் செயல்விளக்கமாகக் காட்ட முடியாது. விடை முன்கூட்டியே யாரிடமும் இல்லை. உட்கார்ந்து பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்று சொற்கள்

இந்தப் பேச்சில் மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வரும். நொய்யலை வைத்துப் பார்த்தால் மூன்றும் தெளிவாகும்.

1. வட்டாரம். இது வருவாய்த் துறையின் எல்லைக்கோடு அல்ல. ஒருவர் செய்வது இன்னொருவரை எங்கெல்லாம் தொடுகிறதோ அதுவரை ஒரு வட்டாரம். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைத் தாண்டிக் கரூரில் காவிரியில் சேர்கிறது. திருப்பூர்ச் சாயப்பட்டறையின் நீர் பல கிலோமீட்டர் தள்ளி இன்னொரு மாவட்டத்துக் கிணற்றை உப்பாக்கியது. அந்தக் கிணற்றுக்காரரும் பட்டறைக்காரரும் ஒரே வட்டாரத்துக்காரர்கள்.

2. பங்குதாரர். கம்பெனியில் முதல் போட்டவரை நினைவூட்டும் சொல். இங்கே பொருள் அகலம்: முடிவால் பாதிக்கப்படுபவர், முடிவை மாற்றக்கூடியவர் இருவரும் பங்குதாரர்கள். நொய்யலில் சாயப்பட்டறை, பனியன் கம்பெனி, வெளியூரிலிருந்து வந்த தொழிலாளி, கீழ்ப்பகுதி விவசாயி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பொதுப்பணித் துறை எல்லோரும் இதில் அடக்கம்.

3. நீடித்த நிலைத்தன்மை நோக்கிய மாற்றம். ஒரு கருவியை மாற்றுவது மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள பழக்கம், சட்டம், சந்தை, செலவு எல்லாம் சேர்ந்து நகர்வது. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு நிறைய வேண்டும். 1990களில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை நீக்கின, கரைந்த உப்பை நீக்கவில்லை. பாசனத்துக்காகக் கட்டி 1992இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகிப்போனது. தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அப்புறம்தான், சொட்டு நீரும் வெளியே விடாத முறை உண்மையில் நடைமுறைக்கு வந்தது.

இந்த மூன்றாவது சொல்லை நொய்யல் கற்றுக்கொண்ட விதம் மிகக் கசப்பானது. அணை கட்டி 19 ஆண்டுகள் கழித்து, ஒரு பக்கம் நிலம் கெட்டு, மறுபக்கம் ஒரே நாளில் வேலை போய், நீதிமன்றத்தின் வழியாக மாற்றம் வந்தது. மாணவர்களும் வட்டாரத்து மக்களும் சேர்ந்து செய்யும் கூட்டு ஆய்வு நீதிமன்றத்துக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் பகை முற்றுவதற்கு முன்பே எல்லோரும் ஒரே கணக்கைப் பார்க்க ஓர் இடம் தேவைப்படுகிறது. பல்கலைக்கழகம் அந்த இடமாக இருக்க முடியும். மாணவருக்கு அங்கே விற்க எதுவும் இல்லை, அபராதம் போடும் அதிகாரமும் இல்லை. அந்த வெறுங்கைதான் அவரை எல்லா வீட்டுத் திண்ணையிலும் உட்கார வைக்கிறது.

கோலை யார் கையில் கொடுப்பது

இப்போது அந்தக் கோலப்பொடிப் படத்துக்கு வருவோம். மாணவிகள் செய்வது ஊரக பங்கேற்பு மதிப்பீடு. 1980களின் இறுதியில் உருவான முறை. பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கும் வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் சேம்பர்ஸ் இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். இது வளர்ந்த இடங்களில் ஒன்று இந்தியா. கர்நாடகத்தில் மைராடா தொண்டு நிறுவனம் தொடக்கத்திலேயே இதைக் களத்தில் செய்து பார்த்தது.

இந்த முறையில் ‘கோலை ஒப்படைத்தல்’ என்று ஒன்று உண்டு. தரையில் கோடு போடும் குச்சியையோ சாக்பீஸையோ வந்தவர் கீழே வைத்துவிட்டு, ஊர்க்காரர் கையில் கொடுக்க வேண்டும். அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? தரையில் வரையும்போது நடப்பதைக் கவனித்தால் தெரியும். காகிதமும் பேனாவும் இருந்தால் எழுதத் தெரிந்த இரண்டு பேர்தான் முன்னால் வருவார்கள். கோலப்பொடி என்றால் பெண்களுக்குக் கை பழகிய விஷயம். ஒருவர் கோயிலை வைப்பார், இன்னொருவர் குளத்தை வைப்பார். “குளம் அவ்வளவு பெருசா இப்ப எங்க இருக்கு, பாதிதான்” என்று மூன்றாமவர் பொடியைக் கையால் வழித்துவிட்டுக் கோட்டை உள்ளே தள்ளுவார். அந்த ஒரு கை அசைவில் ஆக்கிரமிப்பு, வரத்துக்கால்வாய் அடைப்பு, பழைய சண்டை எல்லாம் வெளியே வந்துவிடும். எந்தப் பிரச்சினை பெரிது என்று கேட்டுப் புளியங்கொட்டையைக் கையில் கொடுத்தால், பெண்கள் குடிநீருக்கும் ஆண்கள் உர விலைக்கும் அதிகமாக வைக்கக்கூடும். அந்த வித்தியாசமே ஒரு தகவல்.

செய்திப் படங்களில் வரைபடம் மிக அழகாக, நேர்க்கோடுகளோடு, தலைப்பெழுத்துகளோடு இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். அழித்துத் திருத்திய அழுக்கு இருக்கும் படம்தான் ஊர் வரைந்த படம்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: எந்த இடத்தில் வரைந்தார்கள்? கோயில் முன்னால் வரைந்தால் காலனியிலிருந்து எத்தனை பேர் வந்து பொடியை எடுப்பார்கள்? காலையில் வரைந்தால் நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் இருக்க மாட்டார்கள். இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுக்கும்போதே யாருடைய ஊர் தரையில் வரப்போகிறது என்பது முடிவாகிவிடுகிறது.

சுவிட்சர்லாந்தின் கறுப்பு மண்

சரி, ஊரின் அறிவு வெளியே வந்துவிட்டது. அதை வட்டார முடிவாக மாற்றுவது எப்படி? இதை ஒழுங்கான முறையாகச் செய்து பார்த்தவர்களில் சூரிக் ஈடிஎச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் முன்னோடிகள். ரோலண்ட் ஷோல்ஸ் என்ற பேராசிரியர் தலைமையில், சுற்றுச்சூழல் அறிவியல் மாணவர்கள் 1990களில் ஒரு வட்டாரத்தையோ நகர்ப்பகுதியையோ எடுத்து அங்குள்ளவர்களோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். 1994இல் எடுத்தது குரோசஸ் மோஸ் என்ற சமவெளி. பெயரின் பொருள் ‘பெரிய சதுப்பு’.

நொயென்பூர்க், பீல், மூர்ட்டன் என்ற மூன்று ஏரிகளுக்கு நடுவில் இருக்கிறது அந்த நிலம். 19ஆம் நூற்றாண்டில் ஆரெ நதி அடிக்கடி பெருகி அதை மூழ்கடித்தது. நதியை ஏரிக்குள் திருப்ப வேண்டும் என்று யோஹான் ருடோல்ஃப் ஷ்னைடர் என்ற மருத்துவர் பல ஆண்டுகள் போராடினார். ரிச்சர்ட் லா நிக்கா என்ற பொறியாளர் திட்டம் வரைந்தார். 1868 முதல் 1891 வரை வேலை நடந்தது. கால்வாய் வெட்டி ஆரெயைப் பீல் ஏரிக்குள் திருப்பினார்கள். ஏரிகளின் மட்டம் சுமார் இரண்டரை மீட்டர் இறங்கியது. சதுப்பு காய்ந்து, நாட்டின் பெரிய காய்கறித் தோட்டமானது.

ஆனால் அந்தக் கறுப்பு மண் சாதாரண மண் அல்ல. நீரில் மூழ்கி, காற்றுப் படாததால் மக்காமலே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்த செடிகொடிகளின் மிச்சம். பீட் மண் என்பார்கள். நீலகிரியின் மலைச் சதுப்புகளிலும் இது உண்டு. தண்ணீர் வடிந்ததும் காற்று உள்ளே போகிறது, நுண்ணுயிர்கள் மண்ணையே தின்கின்றன, அதிலிருந்த கரி கரியமில வாயுவாகப் பறந்துவிடுகிறது. நிலம் தாழ்கிறது. தாழ்ந்த நிலத்தில் மறுபடி வெள்ளம் வந்தது. 1962 முதல் 1973 வரை இரண்டாம் முறை ஏரிகளையும் கால்வாய்களையும் திருத்த வேண்டியிருந்தது. விவசாயியின் வாழ்வு அந்த மண்ணில், விவசாயத்தாலேயே அந்த மண் கரைகிறது. யாரையும் வில்லனாக்க முடியாத பிரச்சினை இது.

இங்கே நீடித்த விவசாயத்துக்கு என்ன வழி என்பதுதான் மாணவர்களின் கேள்வி. அந்த ஆய்வுகளில் உருவான முறையை இப்படிச் சுருக்கலாம்:

1. கேள்வியைக் கூட்டாக வைப்பது. பேராசிரியர் அறையிலிருந்து தலைப்பு வராது.

2. பக்கம் மாறி நிற்பது. மாணவர் ஒரு நாள் அந்த வட்டாரத்தில் வேலை செய்பவரோடு சேர்ந்து அவருடைய வேலையைச் செய்வார். அளவீடு அதற்குப் பிறகுதான்.

3. பல எதிர்காலங்களைக் கட்டுவது. ‘இப்படியே போனால்’, ‘இதை மாற்றினால்’ என்று ஒன்றோடொன்று பொருந்தும் காரணங்களை வைத்து, நடக்கக்கூடிய சில நிலைகளை விரித்து எழுதுவது. எது நடக்கும் என்ற ஜோசியம் அல்ல.

4. இரண்டு மதிப்பீடு. மாணவர்கள் மண், நீர், வருமானம் என்று கணக்குப் போட்டு ஒவ்வொரு எதிர்காலத்துக்கும் மதிப்பிடுவார்கள். விவசாயி, அதிகாரி, இயற்கை ஆர்வலர் எனப் பல தரப்பினர் தங்களுக்குத் தோன்றியபடி மதிப்பிடுவார்கள். இரண்டையும் தனித்தனியே எடுத்து அருகருகே வைப்பார்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது நான்காவதுதான். வழக்கமாக, கணக்கும் மக்கள் கருத்தும் வேறுபட்டால் ‘விழிப்புணர்வு போதவில்லை’ என்று எழுதிவிடுவார்கள். இந்த முறையில் வேறுபாடே அடுத்த கேள்வி. கணக்கில் விட்டுப்போனது என்ன, மக்கள் பார்க்காதது என்ன என்று இரு பக்கமும் தேட வேண்டும். துறைகடந்த ஆய்வு என்று சொல்வது இதைத்தான்: பல துறைப் பேராசிரியர்கள் கூடுவது மட்டும் போதாது, பல்கலைக்கழகத்தின் மதில் தாண்டியும் அறிவு இருக்கிறது என்று ஏற்க வேண்டும்.

2002இல் அப்பென்செல் ஆஸர்ரோடன் என்ற சிறிய மலை மாநிலத்தில் செய்த ஆய்வில் இன்னொரு படி ஏறினார்கள். நெசவு, மர அறுவை, பால் பதனிடல் என்ற மூன்று பழந்தொழில்களின் எதிர்காலம் பற்றிய ஆய்வு அது. தலைமை இரண்டு கைகளில் இருந்தது: பல்கலைக்கழகத் தரப்பில் ஒருவர், வட்டாரத் தரப்பில் ஒருவர், சம அதிகாரத்தோடு.

அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகம் 2009இலிருந்து வேறு வழியைப் பின்பற்றுகிறது. ஆண்டுக்கு ஒரு நகரத்தை எடுத்து, பல துறைகளின் வகுப்புகளை அதன் வேலைகளில் இறக்குகிறார்கள். முதல் நகரம் கிரெஷம், அடுத்தது சேலம். நம் சேலம் அல்ல, ஓரிகனின் தலைநகர். நகராட்சி இதற்குப் பணம் கொடுக்கிறது. பணம் கொடுத்தவர் அறிக்கையைப் படிக்காமல் விடமாட்டார்.

நம்மிடம் எங்கே முறிகிறது

சுவிஸ் முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நம் ஊரில் சிக்கல்கள் வேறு.

1. செமஸ்டரும் போகமும். ஜூன், ஜூலையில் தொடங்கும் செமஸ்டர் நவம்பர் வாக்கில் முடிகிறது. டெல்டாவில் சம்பா நடவு செப்டம்பர், அக்டோபரில். அறுவடை பொங்கலை ஒட்டி. நடவைப் பார்த்த மாணவர் அறுவடையைப் பார்ப்பதில்லை. ஒரு யோசனை பலித்ததா என்று தெரியும் நாளில் அவர் தேர்வெழுதிவிட்டுப் போயிருப்பார். அடுத்த அணி மறுபடி ‘உங்க பேர் என்ன, எத்தனை ஏக்கர்’ என்று தொடங்கும். அலுத்துப்போவது விவசாயிதான்.

2. மதிப்பெண். பதிவேடும் புகைப்படமும் மதிப்பெண்ணாக மாறும்போது, படத்துக்காகவே வேலை நடக்கும். மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எதை அளக்கிறோமோ அதுதான் கிடைக்கும்.

3. ‘தத்தெடுப்பு’ என்ற சொல். தத்தெடுப்பது குழந்தையை. ஊர் குழந்தையல்ல, அதற்கு ஊராட்சித் தலைவர் இருக்கிறார், வார்டு உறுப்பினர்கள் இருக்கிறார்கள், கிராமசபை இருக்கிறது. அந்தச் சொல்லோடு உள்ளே வருபவர் கேட்பதைவிடக் கொடுக்கவே பார்ப்பார்.

4. தகவல் யாரிடம் தங்குகிறது. கிணற்றின் ஆழம், கடன், குடும்ப வருமானம் எல்லாம் கல்லூரி நூலகத்து அறிக்கைக்குள் போய்விடுகிறது. ஊருக்கு ஒரு பிரதிகூட வருவதில்லை. தரையிலிருந்த படம் அன்று மாலையே காலடியில் அழிந்துவிடும்.

கிராமசபை நாள்காட்டி

இதைச் சரிசெய்யப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை என்றே நினைக்கிறேன். தமிழ்நாட்டில் கிராமசபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடுகிறது. 2022 முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சிகள் நாளான நவம்பர் 1 இரண்டும் சேர்ந்துகொண்டன. செமஸ்டர் அட்டவணையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1. ஆகஸ்ட் 15: மாணவர்கள் வந்து சேர்ந்த சமயம். என்ன ஆராய வேண்டும் என்ற கேள்வியை ஊரே வைக்கலாம். தலைப்பு தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும்.

2. அக்டோபர் 2: வரைபடம், கிணற்று அளவு, பேசியவர்கள் சொன்னது எல்லாவற்றையும் தமிழில், ஒரே தாளில் சபையில் படிக்கலாம். தவறாக இருந்தால் அங்கேயே யாராவது எழுந்து சொல்வார்கள். பெயர் போட வேண்டாம் என்பவரின் விவரத்தை அதற்கு முன்பே நீக்கிவிட வேண்டும்.

3. நவம்பர் 1: நடக்கக்கூடிய இரண்டு மூன்று வழிகளும் ஒவ்வொன்றின் செலவும். ஊர் தேர்ந்தெடுப்பது கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்குள் போகலாம். பிரதி ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

4. ஜனவரி 26: சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும் நேரம். பழைய அணியிலிருந்து இரண்டு பேரும் புதிய அணியிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து வந்து, சொன்னதில் எது பலித்தது என்று கேட்கலாம். அந்த ஒரு நாள் பயணத்துக்கும் மதிப்பெண் கொடுத்தால் போதும்.

ஆனால் நொய்யல் போன்ற ஆறு ஒரு கிராமசபைக்குள் அடங்காது. மேலூர் தீர்மானமும் கீழூர் தீர்மானமும் ஒன்றையொன்று பார்க்க வழி வேண்டும். ஒரே கல்லூரி தன் 5 கிராமங்களை வரைபடத்தில் அங்கொன்று இங்கொன்றாகத் தேர்ந்தெடுக்காமல், ஒரே ஓடையின் கரையில் மேலிருந்து கீழாகத் தேர்ந்தெடுக்கலாம். அப்படிச் செய்தால், மேலூரில் குளத்துக் கோட்டை உள்ளே தள்ளிய கை எந்த ஊரின் தண்ணீரைத் தொட்டது என்பது அடுத்த ஊரின் படத்தில் தெரியும்.